தலையாட்டாத ஆர்லிஸ்

அமெரிக்காவின் வடகோடியில், பெரிய ஏரிக்கரையில் இருக்கும் டுலூத்தில் ஒருவர் பேசினால் கேட்பவர் தலையாட்டுவார். பேச்சு பிடித்ததா, புரிந்ததா என்பதெல்லாம் அப்புறம். எதிரே இருப்பவர் வாயைத் திறந்த உடனே கழுத்து தானாக ஆடத் தொடங்கிவிடும். இடையிடையே "ஆமாமா", "அப்படியா", "அது சரி" என்று மூச்சோடு மூச்சாக வந்துகொண்டிருக்கும். இந்த ஒரு பழக்கத்தால் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் ஓர் ஆராய்ச்சி பாதியில் நின்றிருக்க வேண்டியது. ஆர்லிஸ் டெர்வோ வந்து சேர்ந்ததால் நிற்கவில்லை.

ஆர்லிஸ் ஆராய்ச்சிக்காரி அல்ல. ஒரு பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் தன் வயதின் பெரும்பகுதியைக் கழித்தவள். மருத்துவர் ஓய்வு பெற்று ஃபுளோரிடாவுக்குப் போனதும் அவளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கணவன் ரெய்னோ அதற்கு முன்பே கப்பலில் இரும்புத்தாது ஏற்றும் துறைமுகத்திலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருந்தான். வீட்டில் இருந்தான் என்றால் பேசிக்கொண்டிருந்தான். கப்பல்களைப் பற்றி, துறையில் நடந்த சண்டைகளைப் பற்றி, எதிர்வீட்டுக்காரன் காரை நிறுத்தும் அழகைப் பற்றி. மளிகைக்கடை அறிவிப்புப் பலகையில் தொங்கிய பல்கலைக்கழக விளம்பரத்தைக் கிழித்துக்கொண்டு வந்து அவள் முன் போட்டவனும் அவன்தான்.

"இந்த வீட்டுக்கு வாய் ஒண்ணு போதும். காது வேலைக்குப் போகட்டும்" என்றான்.

பேராசிரியை நவோமி ஃபெல்ட்காம்ப் அவளை நேரில் பார்த்துப் பேசினாள். பேச்சின் நடுவே, முன்னறிவிப்பு இல்லாமல், ஒரு ஜோக் சொன்னாள். வந்தவர்கள் எல்லோருக்கும் சொன்ன ஜோக் அது. எல்லோரும் சிரித்திருந்தார்கள். ஆர்லிஸின் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை.

"ஜோக் பிடிக்கலையா?" என்று நவோமி கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. வீட்டுக்குப் போய் சிரிச்சுக்கறேன்."

"நாளைக்கே வந்துடுங்க."

வேலை என்னவென்றால் முகத்தில் எதையும் காட்டாமல் உட்கார்ந்திருப்பது. பதற்றம் வந்தால் மனிதர்களுக்குப் புதுச் சொற்கள் எப்படி ஏறுகின்றன, எப்படி நழுவுகின்றன என்று நவோமி பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு முதலில் பதற்றத்தை வரவழைக்க வேண்டும். சோதனைக்கு வரும் மாணவர் ஓர் அறைக்குள் நுழைவார். மேசைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் கோட்டு போட்ட இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முன் நின்று, ஒரு வேலைக்குத் தான் ஏன் தகுதியானவர் என்று பேச வேண்டும். பேச்சு தீர்ந்து திகைத்து நின்றால், "இன்னும் நேரம் இருக்கு, தொடருங்க" என்பார்கள். அதன்பின் ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் குறைத்து எண்ணச் சொல்வார்கள். பிசகினால், "தப்பு. முதல்லேருந்து." அவ்வளவுதான். திட்டுவதில்லை, மிரட்டுவதில்லை. தலையாட்ட மாட்டார்கள், சிரிக்க மாட்டார்கள். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய மிரட்டல் வேறில்லை.

ஆர்லிஸுக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் தலையாட்டி வேலை இழந்தவர்கள். ஒரு பெண்மணி, எண்ணிக்கையில் தடுமாறிய பையனுக்குக் கைக்குட்டையை எடுத்து நீட்டியே விட்டாளாம். மிஞ்சியவன் கார்டி ஸ்ட்ராண்ட் மட்டும். பள்ளியில் தச்சு வேலை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன், வாயாடி. ஆனால் அவனுக்கு அடர்த்தியான தாடி இருந்தது. அதற்குள்ளேயே சிரித்துக்கொள்வான், வெளியே தெரியாது.

"எனக்குத் தாடி, உனக்கு என்னம்மா?" என்று முதல் நாளே கேட்டான். "கல்லுலயே செதுக்கிட்டாங்களா?"

"பல் டாக்டர்கிட்ட இருந்தேன். உள்ள யாராவது கத்தினாலும் வெளிய இருக்கறவங்க முன்னால மூஞ்சி மாறக்கூடாது."

அது பாதி உண்மை. மீதிப் பாதி அதற்கும் முந்தையது. அவள் பிறந்த பண்ணை வீட்டில் அப்பாவின் கோபம் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. இரவுச் சாப்பாட்டு மேசையில் சிரித்த பிள்ளைக்கும் அடி விழும், அழுத பிள்ளைக்கும் விழும். முகம் இல்லாத பிள்ளை தப்பித்துக்கொள்ளும். ஆர்லிஸ் தப்பித்துக்கொண்டாள். முகம் அமைதியாக இருந்ததே தவிர உள்ளே எதுவும் அமைதியாக இருந்ததில்லை. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருவாள். தொலைபேசி மணி அடித்தால் எடுப்பதற்கு முன் யார் செத்திருப்பார்கள் என்று ஒரு சுற்று நினைத்துவிடுவாள். தம்பி எல்மர் ஏரிப் பனிக்கட்டி உடைந்து உள்ளே போன நாளில் அடுப்பில் கொதித்த பட்டாணி சூப்பின் வாசனையும், கொண்டுவந்து வைத்த அவனுடைய ஒற்றைக் கையுறையின் நிறமும் அவளுக்கு எப்போதும் நேற்றுப்போல இருந்தன. ஆனால் ஞாயிறுதோறும் கைகுலுக்கும் பாதிரியாரின் மனைவி பெயரை ஒவ்வொரு முறையும் ரெய்னோவிடம் கிசுகிசுத்துக் கேட்டுத்தான் சொல்லுவாள்.

இதை அவள் ஒரு குறையாக நினைத்திருந்தாள். காப்பி நேரத்தில் நவோமி விளக்கிய பிறகுதான் அதற்கு வேறு கணக்கு உண்டு என்று தெரிந்தது.

பதறிப் போன மாணவர்களை அடுத்த அறையில் திரை முன் உட்கார வைப்பார்கள். ஒவ்வொரு படமாக வரும். அதன் கீழே உலகில் எந்த மொழியிலும் இல்லாத, இதற்கென்றே உண்டாக்கிய ஒரு சொல் வரும். பாம்பு, எரியும் வீடு, ரத்தம் படிந்த கத்தி. நடுநடுவே நாற்காலி, சாவி, ஸ்பூன். மறுநாள் வந்து, எந்தப் படத்துக்கு எந்தச் சொல் என்று சொல்ல வேண்டும். பயந்தவர்களுக்குப் பாம்பின் பெயர் நிற்கும், ஸ்பூனின் பெயர் நிற்காது.

"மூளைக்குள்ள பாதாம்பருப்பு அளவுல ஒண்ணு இருக்கு, ஆபத்துன்னா அது கத்தும்" என்றாள் நவோமி. "புதுச் சொல்லைக் குறிச்சு வச்சுக்கற இடம் அதுக்குப் பக்கத்துலயே இருக்கு. பக்கத்து வீட்டு நாய் விடாம குரைச்சா நீங்க உக்காந்து படிப்பீங்களா? அதே கதைதான். நாய் எதைப் பாத்துக் குரைச்சுதோ அது மட்டும் மனசுல நிக்கும். மத்ததெல்லாம் போயிடும்."

"எங்க வீட்டு நாய் தூங்கினதே இல்ல" என்றாள் ஆர்லிஸ்.

கார்டி சிரித்தான். அவள் சிரிக்காததால் அது ஜோக்கா இல்லையா என்று நவோமிக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அந்த வேலையில் ஆர்லிஸுக்கு வராத பகுதி ஒன்று இருந்தது. மறுநாள் சொல் சோதனையும் முடிந்து மாணவர் கிளம்பும் முன், பயமுறுத்தியவர்கள் அவர் கண்முன்னாலேயே கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட வேண்டும். எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வர வேண்டும். சிரித்து, கைகொடுத்து, "சோதனை முடிஞ்சுது. நாங்க காட்டின மூஞ்சி நடிப்பு. உங்ககிட்ட ஒரு குறையும் இல்ல, யாரு வந்து நின்னாலும் இப்படித்தான் திணறுவாங்க" என்று சொல்ல வேண்டும். பயத்தோடு யாரையும் வெளியே அனுப்பக்கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. கோட்டைக் கழற்றுவது என்றே அதற்குப் பெயர். கார்டி அதை ரசித்துச் செய்வான், முதுகில் தட்டுவான், தன் சொந்தத் திணறல்களைச் சொல்லிச் சிரிக்க வைப்பான். ஆர்லிஸ் கோட்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றுகொள்வாள்.

ஜோயெல் பெர்ஜெரான் என்ற பெண்ணிடமும் அப்படித்தான் நின்றாள். ஜோயெல் பேச்சுப் பயிற்சி மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவள். எண்ணிக்கையில் பிசகி, மூன்றாம் முறை "முதல்லேருந்து" கேட்டதும் அழுதுவிட்டாள். மறுநாள் அவளுக்குப் பாம்பும் தீயும் நினைவிருந்தன. சாவி, ஸ்பூன் எல்லாம் துடைத்துப் போயிருந்தன. கார்டி கோட்டைக் கழற்றி சமாதானம் சொன்ன பிறகு, அவள் கதவோரம் பார்த்துச் சொன்னாள்: "உங்க மூஞ்சி ராத்திரி கனவுல வந்துச்சுங்க."

"எங்க எல்லாருக்கும் வரும்மா, பழகிடும்" என்றான் கார்டி.

ஆர்லிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பெண் போய்விட்டாள்.

சில வருடங்கள் இப்படிப் போயின. பிறகு ஒரு ஜனவரியில், இரவெல்லாம் பனி கொட்டி ஓய்ந்த காலையில், ரெய்னோ வாசல் பனியை அள்ளப் போனான். ஆர்லிஸ் சமையலறை ஜன்னலிலிருந்து அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை பார்த்தபோது சிவப்புக் கைப்பிடி போட்ட மண்வாரி பனிக்குவியலில் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் அவன் இல்லை.

மூளையில் ரத்தக்கட்டி. உயிர் தப்பியது. வலது கை பலம் குறைந்தது. சொற்கள் போய்விட்டன. மற்றவர் சொல்வது அவனுக்குப் புரிந்தது. ஆனால் ஒரு காப்பிக் கோப்பையைக் காட்டிக் கேட்டால் அதன் பெயர் வாயில் வராது. அவன் அப்பா சொல்லிச் சொல்லிக் கேட்ட ஃபின்னிஷ் வசவு, "பெர்கெலே", அது மட்டும் முழுசாக, தெளிவாக வந்தது. சர்ச்சில் பாட்டு எடுத்தால் கூடவே பாடினான். பாட்டு நின்றதும் ஊமை. அழுத்தி ஏறிய பழைய சொற்கள் வேறெங்கோ பத்திரமாக இருக்கின்றன, அன்றாடச் சொற்களைத்தான் மறுபடி கற்றுக்கொள்ள வேண்டும் என்றார் மருத்துவர். வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்க ஆள் அனுப்புவார்கள். முன்னேற்றம் தெரிகிறவரை காப்பீட்டு நிறுவனம் அனுமதிக்கும். தெரியாவிட்டால் நிறுத்திவிடும்.

பேசியே பழகிய வீடு அது. அவள் பேசாததையும் சேர்த்து அவன் பேசிக்கொண்டிருந்தான். இனி அந்தச் சொற்கள் திரும்பி வரவில்லை என்றால் அந்த வீட்டில் என்ன மிஞ்சும் என்று ஆர்லிஸுக்குத் தெரியும். அவள் அதே போன்ற ஒரு வீட்டில்தான் வளர்ந்தாள்.

பயிற்சி கொடுக்க வந்த பெண்ணுக்குக் கதவைத் திறந்தபோது, வந்தவள் கையிலிருந்த படப்பெட்டி நழுவிப் படியில் விழுந்தது.

"நீங்களா!" என்றாள் ஜோயெல். சிரித்தாள். சிரித்துக்கொண்டே கொஞ்சம் வேகமாகப் பேசினாள். "பரவால்லங்க, எண்ணச் சொல்லாம இருந்தா சரி."

"உள்ள வாங்க. காப்பி இருக்கு" என்றாள் ஆர்லிஸ். சிந்திய அட்டைகளைப் பொறுக்கிக் கொடுத்தாள்.

சமையலறை மேசையில் பயிற்சி நடந்தது. படம் போட்ட அட்டைகள்: சாவி, கோப்பை, ஸ்பூன், நாற்காலி. ஜோயெல் ரெய்னோவின் பக்கத்தில் உட்கார்வாள். ஆர்லிஸ் எதிரே. கைகளை மடியில் வைத்து, முதுகை நிமிர்த்தி, முகத்தில் எதையும் விடாமல். அவளுக்கு அதுதான் சரியான முறையாகப் பட்டது. சோதனையில் பார்வையாலோ உதட்டாலோ கோடி காட்டினால் விடை விடையாகாது, கெட்டுப்போகும். நவோமி அவளுக்கு ஊட்டி வளர்த்த பாடம் அது. கணவனை ஏமாற்றிக் குணப்படுத்த அவள் விரும்பவில்லை. அவனுக்கு உண்மையாகவே சொல் வர வேண்டும்.

அவன் அட்டையைப் பார்ப்பான். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்ப்பான். இடது கை மேசை விளிம்பைத் தடவும். வாய் ஏதோ ஒரு எழுத்துக்குக் குவியும், கலையும்.

"பெர்கெலே."

ஜோயெல் போன பிறகு ஆர்லிஸ் தானே அட்டைகளைப் பரப்பி இன்னொரு முறை நடத்துவாள்.

"இன்னும் நேரம் இருக்கு. தொடரு."

அவன் முயன்று எதையோ உளறினால், "தப்பு. முதல்லேருந்து."

அந்தச் சொற்கள் எங்கிருந்து வருகின்றன என்று அவள் கவனிக்கவே இல்லை. சில நாளில் அட்டைகளைக் கண்டாலே அவன் தள்ளிவிட ஆரம்பித்தான்.

ஒருநாள் ஜோயெல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "வெயில் நல்லா இருக்கில்ல? நீங்க கொஞ்சம் வெளிய போயிட்டு வரலாமே, ஆர்லிஸ்."

"இந்தக் குளிர்லயா? மூக்கே உதிர்ந்துடும்."

"ஆமா. ஆனா வெயில் இருக்கே."

இந்த ஊரில் யாரும் யாரையும் எழுந்து போ என்று சொல்வதில்லை. ஆர்லிஸுக்கு அது தெரியும். கோட்டை மாட்டிக்கொண்டு பின்கட்டில் இருந்த சௌனா என்ற நீராவிக் குளியல் குடிலுக்கு விறகு அடுக்கப் போனாள். கை நிறைய விறகோடு திரும்பியபோது ஜன்னல் கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"சா... சாவி. சாவி."

பிறகு ஜோயெலின் கூச்சல். ரெய்னோவின் சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் "கோப்பை."

ஆர்லிஸ் பனியில் நின்றாள். கண்ணில் வந்தது இமையிலேயே உறைந்தது. உள்ளே போனதும் ஜோயெல் உற்சாகமாக அட்டையைத் தூக்கி, "உங்க வீட்டம்மாவுக்குச் சொல்லிக் காட்டுங்க பாப்போம்!" என்றாள். ரெய்னோ மனைவியைப் பார்த்தான். விறகோடு, எதுவும் எழுதாத அந்த முகத்தோடு, வாசலில் நின்றாள். அவன் வாய் குவிந்தது. வந்த சொல் எங்கோ போய்விட்டது.

அந்த வாரம் கார்டி ஒரு பாத்திரத்தில் உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்துச் சுட்ட பதார்த்தத்தைக் கொண்டுவந்தான். யாருக்கு உடம்புக்கு முடியாவிட்டாலும் ஊர் அதைத்தான் கொண்டுவரும், ஆர்லிஸின் குளிர்பெட்டி முழுக்க அதுதான் இருந்தது. மேசையில் அட்டைகள் பரப்பியிருந்தன. அவன் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். "தப்பு. முதல்லேருந்து" என்றாள் ஆர்லிஸ். ரெய்னோ எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டான்.

"கோட்டு ஒண்ணுதான் குறை" என்றான் கார்டி. "கொண்டா, நானும் போட்டுக்கிட்டு உக்கார்றேன்."

"கோடி காட்டினா அது சோதனையே இல்ல, கார்டி."

"சோதிக்கச் சொன்னது யாரு? அவன் உன் புருஷன்மா. சோதனைக்கு வந்து நிக்கற காலேஜ் பையனா?"

அவள் அட்டைகளை அடுக்கினாள். அவன் தாடியைத் தடவிக்கொண்டு எழுந்தான்.

"உப்பு கம்மியா இருக்கும். போட்டுக்கோ."

அன்று ஆர்லிஸ் குளியலறைக் கண்ணாடி முன் நின்று சிரித்துப் பார்த்தாள். வந்தது சிரிப்பல்ல. பல் வலியோடு வருபவர்கள் வரவேற்பறையில் காட்டும் முகம். அதை அவள் ஆயுள் முழுக்கப் பார்த்தவள். விட்டுவிட்டாள். அதன்பின் ஜோயெல் வரும் நேரமெல்லாம் காரை எடுத்துக்கொண்டு கால்வாய்க்கரைக்குப் போய், உறைந்த ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அது பலித்தது. பனி கரையத் தொடங்கியபோது ரெய்னோவுக்குச் சொற்கள் சேர்ந்திருந்தன. ஜோயெலிடம் சொன்னான். தபால்காரனிடம் "குளிர்" என்றான். கார்டி வந்தால் "தாடி" என்றான். முன்னேற்றம் தெரிகிறது, கோடை வரை பயிற்சி தொடரும் என்று காப்பீட்டிலிருந்து தகவல் வந்தது. ஆர்லிஸ் அறைக்குள் வந்தால் மட்டும் எல்லாம் நின்றது. மற்ற எல்லோருக்கும் பேசக் கற்றுக்கொண்டு தன்னிடம் மட்டும் ஊமையாக இருக்கும் ஒரு மனிதனோடு மீதி வாழ்வை ஓட்டலாம். அவன் குணமாவதற்கு அதுதான் விலை என்றால் கொடுத்துவிடலாம் என்றுகூட அவள் யோசித்தாள். கார் ஹீட்டரின் சத்தத்தில் அந்த யோசனை நியாயமாகத்தான் தோன்றியது.

ஏப்ரலில் நவோமி, வெளுக்கக் கொண்டுபோன கோட்டுகளைத் திருப்பித் தர முடியுமா, புது ஆள் பார்த்திருக்கிறோம் என்று கேட்டு அனுப்பினாள். ஆர்லிஸ் சமையலறையில் தேய்ப்பு மேசையைப் போட்டுக் கஞ்சி போட்டுத் தேய்த்தாள். ரெய்னோ மேசையில் காப்பியோடு உட்கார்ந்திருந்தான். அவள் அங்கே போய் என்ன செய்கிறாள் என்று அவனுக்குக் கதை கதையாகத் தெரியும். கோட்டு போட்டு அவளை அவன் பார்த்ததில்லை.

கடைசிக் கோட்டைத் தேய்த்து முடித்ததும் ஆர்லிஸ் அதை மாட்டிக்கொண்டாள். பொத்தான்களைப் போட்டாள். மேசைக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள், கைகள் மடியில், முதுகு நேராக. ரெய்னோ கோப்பையைக் கீழே வைத்தான். இடது கை மேசை விளிம்புக்குப் போயிற்று. கையை அவள் பார்த்தாள். எத்தனையோ பிள்ளைகளின் கைகள் அந்த இடத்துக்குப் போவதைப் பார்த்திருக்கிறாள்.

எழுந்தாள். பொத்தான்களை அவிழ்த்து, கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டாள். மேசையைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள்.

"சோதனை முடிஞ்சுது, ரெய்னோ." அவன் பக்கத்தில் நின்றாள். "உங்கிட்ட ஒரு குறையும் இல்ல. யாரா இருந்தாலும் இப்படித்தான் திணறுவாங்க. நான் காட்டின மூஞ்சி நடிப்புன்னு அங்க சொல்லுவோம். இங்க அதைச் சொல்ல முடியாது. இங்க அது நடிப்பு இல்ல. பயம். எனக்குப் பயம் வந்தா மூஞ்சி இப்படித்தான் ஆயிடுது, சின்ன வயசுலேருந்து. நீ பாக்கறது உன் தப்பை இல்ல. உனக்கு வார்த்தை வராமலே போயிடுமோன்னு நான் உள்ள கிடந்து அடிச்சுக்கறதைப் பாக்கற. வெளிய தெரியல, அவ்வளவுதான்."

கையை நீட்டினாள். அதுதான் முறை. ரெய்னோ அந்தக் கையைப் பார்த்தான். பிறகு இடது கையால் பிடித்துக் குலுக்கினான். விடவில்லை. அவளை இழுத்துத் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தான். தானே அட்டைக் கட்டிலிருந்து ஒன்றை உருவிப் போட்டான்.

ஸ்பூன்.

வாய் குவிந்தது. கலைந்தது. மறுபடி குவிந்தது.

"மண்வாரி" என்றான்.

சிவப்புக் கைப்பிடி இருவருக்கும் தெரிந்தது. பனிக்குவியல், அந்தக் காலை, எல்லாம். மற்ற சொல்லெல்லாம் தொலைந்தபோதும் அது மட்டும் எங்கோ ஆழத்தில் பதுங்கியிருந்து இப்போது தவறான இடத்தில் வந்து நின்றது. தப்பு என்று சொல்ல ஆர்லிஸின் நாக்கு எழும்பியது. எழும்பியது வேறாக வெளியே வந்தது. மூக்கு வழியாக ஒரு சத்தம், பிறகு கோழி கொக்கரிப்பது மாதிரி ஒன்று. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே அந்தச் சத்தம் புதிது. நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை.

ரெய்னோ வாய் பிளந்து பார்த்தான். பிறகு அவன் முகத்தில், விழுந்த நாளிலிருந்து காணாமல் போயிருந்த அந்தக் கள்ளத்தனம் வந்தது. காப்பி ஸ்பூனை இடது கையில் எடுத்து, சர்க்கரைக் கிண்ணத்தில் குத்தி, முதுகை வளைத்துப் பெருமூச்சு விட்டு, ஒரு குவியல் அள்ளித் தன் கோப்பையில் கொட்டினான்.

"மண்வாரி!" என்றான் உரக்க. இந்த முறை வேண்டுமென்றே.

ஜோயெல் அதன்பின் எவ்வளவோ முயன்றும் ஸ்பூனுக்கு ஸ்பூன் என்ற பெயரை அவன் வாயில் ஏற்ற முடியவில்லை. மற்றவை வந்தன, மெதுவாக, திக்கித் திக்கி. ஆர்லிஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் வந்தன. முன்புபோல் அவன் கதை சொல்லவில்லை. ஒரு கப்பலின் பெயரைச் சொல்வான், மீதியை அவள் சொல்லி முடிப்பாள். தவறாகச் சொன்னால் "பெர்கெலே" என்பான்.

இலையுதிர் காலத்தில் அவள் ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஒருமுறை திரும்பப் போனாள். நவோமி கூப்பிட்டிருந்தாள். உள்ளே வந்த பையன் பேச்சுத் தீர்ந்து விழித்து நின்றபோது அவள் கழுத்து மெல்ல ஆடியது.

"ஆர்லிஸ், தலையாட்டிட்டீங்க" என்றாள் நவோமி அப்புறமாக.

"தெரியும்."

"ஒரு தடவைதானே. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்கும் ஆட்டுவேன்னு தோணுது."

கோட்டை மடித்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இன்னும் சில குளிர்காலங்கள் கழித்து ஆர்லிஸ் தூக்கத்தில் இறந்தாள். இதயம். அவள் பயந்துகொண்டிருந்த எத்தனையோ சாவுகளில் ஒன்றைப் போலவும் இல்லாமல் அது வந்துவிட்டுப் போயிற்று. பிப்ரவரி மாதம். மண் உறைந்து கிடந்ததால் அடக்கம் வசந்தத்துக்குத்தான் என்று வைத்தார்கள். பிரார்த்தனை முடிந்ததும் சர்ச் நிலவறையில் காப்பியும் பன்றித்தொடை இறைச்சி வைத்த ரொட்டியும் பரிமாறினார்கள். ரெய்னோ சுவரோரம் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஆட்கள் வந்து ஏதேதோ சொல்லித் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அவன் பதில் சொல்லவில்லை. பழையபடி எல்லாம் போய்விட்டதோ என்று ஜோயெல் தள்ளி நின்று கவனித்துக்கொண்டிருந்தாள்.

யாரோ அவன் கையில் காப்பியைக் கொடுத்தார்கள். அவன் கோப்பைக்குள் பார்த்தான். நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தான்.

"மண்வாரி" என்றான்.

பக்கத்தில் நின்ற பாதிரியாரின் மனைவி குனிந்து அவன் தோளைத் தொட்டாள். "வசந்தம் வரட்டும், ரெய்னோ. இப்போ மண்ணு கல்லா கிடக்கு. அவங்க பத்திரமா இருப்பாங்க."

அவன் தலையை ஆட்டி மறுத்தான். "மண்வாரி" என்றான் மறுபடி. வாயோரம் லேசாகக் கோணியது.

கார்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். மேசையிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்துத் துடைத்து அவன் இடது கையில் வைத்தான். ரெய்னோ சர்க்கரையை அள்ளிக் கொட்டிக் கலக்க ஆரம்பித்தான்.